"வேப்ல வெறும் ஆவிதானே வருது?": புகை, வேப், உதட்டுப் பொட்டலம் எல்லாம் பிள்ளைகள் கண்ணுக்கு எப்படித் தெரிகின்றன

"என் மகனுக்கு 11 வயது, 6-ஆம் வகுப்பு. ‘சிகரெட்தாம்மா கெட்டது, வேப்ல வெறும் ஆவிதான் வருது, மாம்பழ வாசனை அடிக்கும்’ என்று சர்வ சாதாரணமாகச் சொல்கிறான். பெரிய பையன்கள் சிலர் உதட்டுக்குள் ஏதோ சின்னப் பொட்டலம் வைத்துக்கொள்வதாகவும் சொன்னான். சின்னப் பிள்ளைகள் இதையெல்லாம் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள்? எந்த வயதில் என்ன பேசுவது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேப் என்பது பேட்டரியில் இயங்கும் இ-சிகரெட். உங்கள் மகன் அதைப் பற்றிச் சொன்னது தப்பு. ஆனால் யோசிக்காமல் சொன்னதல்ல. கண்ணால் கண்டதையும் மூக்கால் முகர்ந்ததையும் வைத்துச் சொல்லியிருக்கிறான். நெருப்பு இல்லை, சாம்பல் இல்லை, சட்டையில் நாற்றம் இல்லை. அப்படியானால் கெடுதலும் இல்லை. 11 வயதுக்கு இது நேர்மையான கணக்குதான். ஒரு பொருள் கெட்டதா இல்லையா என்பதைப் பிள்ளைகள் நோயின் பெயரை வைத்து முடிவு செய்வதில்லை. அது எப்படி மணக்கிறது, யார் கையில் இருக்கிறது, ஒளித்துச் செய்கிறார்களா வெளிப்படையாகச் செய்கிறார்களா, பார்க்க மிட்டாய் மாதிரி இருக்கிறதா, பேனா மாதிரி இருக்கிறதா என்பவைதான் அவர்களுடைய அளவுகோல்கள். இத்தனை வருடமாகச் சிகரெட்டைப் பற்றி நாம் சொல்லிக்கொடுத்ததெல்லாம் புகை, தார், கறுத்த நுரையீரல் என்று புகையைச் சுற்றியே இருந்தது. புகை இல்லாத ஒன்று வந்ததும் நம் பாடமே அதற்கு நற்சான்றாகிவிட்டது. அதனால் அவனிடம் இனிப் பேச வேண்டியது புகையைப் பற்றி அல்ல, புகையிலையில் இருந்துகொண்டு ஆளை அடிமையாக்கும் நிக்கோட்டினைப் பற்றி.

பிள்ளைகளின் பார்வை வயதுக்கு வயது மாறும். மூன்றிலிருந்து ஆறு வயது வரை அது ஒரு பொருள், ஒரு நடிப்பு, அவ்வளவுதான். மார்கழிக் காலையில் வாயிலிருந்து ஆவி விட்டுக் காட்டுவது, சாக்பீஸை இரண்டு விரலுக்கிடையில் பிடிப்பது, சிகரெட் மிட்டாயை முதலில் ‘பிடித்து’விட்டுப் பிறகு கடிப்பது எல்லாம் இந்த வயதின் விளையாட்டு. இதைச் சின்ன விஷயமென்று தள்ள முடியாது. 1991-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 3 முதல் 6 வயதுக் குழந்தைகள் 229 பேரிடம் நிறுவன முத்திரைகளைக் காட்டி, எது எந்தப் பொருளுக்கு உரியது என்று பொருத்தச் சொன்னார்கள். கேமல் சிகரெட்டின் ஒட்டகப் பொம்மையைச் சிகரெட்டோடு சரியாகப் பொருத்தியவர்கள் மூன்று வயதில் 30 சதவீதம், ஆறு வயதில் 91 சதவீதம். எழுதப் படிக்கத் தெரியாத வயதிலேயே படம் மனதில் ஒட்டிவிடுகிறது. அந்த ஒட்டகத்தை நிறுவனம் கைவிட்டது 1997-இல். 2013-இல் வெளியான இன்னோர் ஆய்வு இந்தியா, சீனா, பாகிஸ்தான், பிரேசில், நைஜீரியா, ரஷ்யா ஆகிய ஆறு நாடுகளில் 5, 6 வயதுக் குழந்தைகளைக் கேட்டது. ஏதாவது ஒரு சிகரெட் முத்திரையையாவது 68 சதவீதக் குழந்தைகள் அடையாளம் சொன்னார்கள்.

2005-இல் வெளியான ஆய்வு ஒன்று இன்னும் நெருக்கமானது. 2 முதல் 6 வயதுள்ள 120 குழந்தைகளிடம் பொம்மைகளைக் கொடுத்து, ‘இந்தப் பொம்மை தன் நண்பரை வீட்டுக்கு அழைத்திருக்கிறது, கடையில் என்னென்ன வாங்கும்?’ என்று விளையாட்டுக் கடைக்கு அனுப்பினார்கள். 28 சதவீதக் குழந்தைகள் சிகரெட் வாங்கினார்கள். பெற்றோர் புகைப்பவர்களாக இருந்தால், வாங்கும் வாய்ப்பு கிட்டத்தட்ட நான்கு மடங்கு. அந்த வயதில் சிகரெட் என்றால் நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. பெரியவர்கள் வீட்டுக்கு வாங்கி வரும் பொருள்களில் ஒன்று.

ஏழிலிருந்து பத்து வரை சட்டம் பேசும் வயது. "சிகரெட் குடிக்கிறவங்க கெட்டவங்க" என்று ஒரே அடியாகச் சொல்வார்கள். சினிமா தொடங்குமுன் வரும் ‘புகை பிடித்தல் உடல்நலத்துக்குக் கேடு’ எச்சரிக்கையை மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். இதை நம்பிப் பெற்றோர் நிம்மதி அடைந்துவிடுகிறார்கள். ஆனால் அந்த வாசகம் அந்த வயதில் ஒரு பாட்டு மாதிரி. பொருளோடு உள்ளே போவதில்லை. கூடவே ஒரு முரண்பாடு அவர்களைக் குடையும். கெட்டவர்கள்தான் புகைப்பார்கள், மாமாவோ நல்லவர், பொங்கலுக்குக் கரும்பு வாங்கித் தருகிறவர், ஆனால் மொட்டை மாடிக்குப் போய்ப் புகைக்கிறார். இதைப் பிள்ளை இரண்டில் ஒரு விதமாகத் தீர்த்துக்கொள்ளும். ஒன்று, மாமா செத்துப்போவார் என்று பயந்து அழும். இல்லையென்றால், பெரியவர்கள் சொன்னது பொய், இது ஒன்றும் செய்யாது என்று முடிவு கட்டும். இரண்டாவது முடிவு வெளியே தெரியாது. அதனால் இந்த வயதில் சொல்ல வேண்டிய வாக்கியம் வேறு: "மாமா நல்லவர்தான். அந்தப் பொருள் அவரைப் பிடிச்சு வச்சிருக்கு. விடணும்னு நினைச்சாலும் சுலபமா விட முடியல." ஆளையும் பொருளையும் பிரித்துவிட்டால் முரண்பாடு தீர்ந்துவிடும், ‘பிடித்து வைப்பது’ என்ற கருத்தும் அங்கேயே விதைக்கப்பட்டுவிடும். நான்கைந்து வருடம் கழித்து வேப்பைப் பற்றிப் பேசும்போது அதே கருத்துதான் கைகொடுக்கும்.

பத்திலிருந்து பதிமூன்றுக்குள்தான் உண்மையான திருப்பம். உங்கள் மகன் நிற்பது இந்த இடத்தில். உலகச் சுகாதார அமைப்பின் முறைப்படி 2019-இல் இந்தியாவில் நடந்த இளையோர் புகையிலைக் கணக்கெடுப்பில், 13 முதல் 15 வயது மாணவர்களில் 8.5 சதவீதம் பேர் ஏதாவதொரு வடிவில் புகையிலை பயன்படுத்துவதாகத் தெரிந்தது. அதைவிட என்னை உலுக்கும் எண் வேறு. சிகரெட் பிடித்த அந்த மாணவர்களில் 38 சதவீதமும், பீடி பிடித்தவர்களில் 47 சதவீதமும் பத்து வயது நிறைவதற்கு முன்பே தொடங்கியிருந்தார்கள். ‘9-ஆம் வகுப்பு வரட்டும், பேசலாம்’ என்று காத்திருப்பது எவ்வளவு தாமதம் பாருங்கள்.

சென்னையிலேயே இதற்கு ஒரு பழைய சான்று இருக்கிறது. 2004-இல் டெல்லியிலும் சென்னையிலுமாக 32 பள்ளிகளில் ‘மைத்ரி’ என்ற திட்டம் தொடங்கியபோது, முதலில் மாணவர்களிடம் கணக்கெடுத்தார்கள். எப்போதாவது புகையிலையைத் தொட்டவர்கள் 8-ஆம் வகுப்பில் 9 சதவீத அளவில் இருக்க, 6-ஆம் வகுப்பில் 25 சதவீதத்தை ஒட்டி இருந்தது. அண்ணன்களைவிடத் தம்பிகள் அதிகம். இளைய பிள்ளைகளுக்கு விளம்பரமும் வாய்ப்பும் எவ்வளவு சீக்கிரம் போய்ச் சேர்ந்திருக்கின்றன என்பதற்கு அது ஓர் எச்சரிக்கை மணி. வேப் வந்த பிறகு வெளிநாடுகளில் இதே கதை நடந்தது. 2014-இல் வேல்ஸில் 10, 11 வயதுப் பிள்ளைகளைக் கேட்டபோது, சிகரெட்டை ஒருமுறையாவது தொட்டவர்கள் 2 சதவீதத்துக்கும் கீழே. இ-சிகரெட்டைத் தொட்டவர்கள் 6 சதவீதத்தை நெருங்கினார்கள். சிகரெட்டுக்குப் பயந்த அதே பிள்ளைகள் இதற்குப் பயப்படவில்லை.

பதிமூன்றுக்கு மேல் கேள்வியே வேறாகிவிடும். ‘இது கெட்டதா?’ என்பது போய், ‘இதைச் செய்தால் நான் எப்படித் தெரிவேன்? எல்லோரும் செய்கிறார்களா?’ என்பது வந்துவிடும். ‘நான் எப்போது வேண்டுமானாலும் விட்டுவிடுவேன்’ என்ற நம்பிக்கையும் கூடவே வரும். அறுபது வயதில் வரும் புற்றுநோய் பதினைந்து வயதுக்காரனுக்கு வேறொருவருடைய நோய்.

இனி வேப். ‘வெறும் ஆவி’ என்ற எண்ணத்தை உடைக்க வேண்டுமென்றால், அந்தப் பொருளுக்குள் என்ன இருக்கிறது என்று அவனுக்குப் புரிகிற மாதிரி சொல்ல வேண்டும். ஒரு சின்ன லித்தியம் பேட்டரி. உறிஞ்சும்போது அதை உணரும் ஒரு சென்சார். பஞ்சுத் திரியைச் சுற்றிய மெல்லிய உலோகக் கம்பிச் சுருள். அந்தப் பஞ்சை நனைத்தபடி இருக்கும் திரவம். உறிஞ்சினால் பேட்டரி கம்பியைச் சூடாக்கும், கம்பி திரவத்தைச் சூடாக்கும், அது நுண்துளிகளாக மேலே வரும். கொதிக்கும் தண்ணீரிலிருந்து வரும் ஆவியில் தண்ணீர் மட்டும்தான் இருக்கிறது. இதில் வருவது புரோபிலீன் கிளைக்கால், கிளிசரின், நிக்கோட்டின், வாசனைப் பொருள் எல்லாம் கலந்த துளிப் படலம். கொசு மருந்து தெளிக்கும் தெளிப்பானிலிருந்து வருவதும் பார்க்க மேகம் மாதிரிதான் இருக்கும், அதை யாரும் ஆவி என்று சொல்வதில்லை. இந்த ஒப்பீடு 10 வயதுப் பிள்ளைக்குச் சட்டென்று பிடிபடும். பஞ்சு காய்ந்து கம்பி அதிகச் சூடானால் ஃபார்மால்டிஹைடு போன்ற நச்சுப் பொருள்கள் உருவாகும். கம்பியிலிருந்து நிக்கல், குரோமியம், ஈயம் நுண்ணளவில் வரும் என்பதும் அளந்து கண்டது.

சதவீதம் என்பது இன்னொரு பொறி. அட்டையில் ‘5%’ என்று போட்டிருக்கும். 100-க்கு 35 எடுத்தால்தான் தேர்ச்சி என்று படித்த பிள்ளைக்கு 5 என்பது ஒன்றுமே இல்லாத எண். கணக்குப் போட்டுக் காட்டுங்கள். 5 சதவீதம் என்றால் ஒரு மில்லி லிட்டரில் சுமார் 50 மில்லி கிராம் நிக்கோட்டின். ஒரு சிகரெட்டிலிருந்து உடம்புக்குள் போவது சுமார் 1 முதல் 2 மில்லி கிராம். 10 மில்லி லிட்டர் பிடிக்கும் ஒரு தூக்கியெறியும் வேப்பில் 500 மில்லி கிராம் இருக்கும். அத்தனையும் உடலில் சேராது, அதையும் சொல்லிவிடுங்கள். ஆனாலும் எத்தனை பாக்கெட்டுக்குச் சமம் என்று அவனே வகுத்துப் பார்க்கட்டும். பிரிட்டனிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் ஒரு மில்லி லிட்டருக்கு 20 மில்லி கிராமுக்கு மேல் விற்கக் கூடாது. 2015-இல் அமெரிக்காவில் வந்த ஜூல் என்ற வேப் 0.7 மில்லி லிட்டர் குப்பியில் ஏறக்குறைய 40 மில்லி கிராம் வைத்திருந்தது. இவ்வளவு அடர்த்தியான நிக்கோட்டின் முன்பெல்லாம் தொண்டையைக் கிழித்துவிடும், பிள்ளைகள் இருமித் தூக்கிப் போட்டுவிடுவார்கள். பென்சாயிக் அமிலம் சேர்த்து அதை உப்பு வடிவமாக்கியதும் தொண்டையில் மிருதுவாக இறங்கத் தொடங்கியது. முதல் இழுப்பில் வரும் இருமல்தான் ஒரு பிள்ளைக்கு உடம்பு கொடுக்கும் இயற்கையான எச்சரிக்கை. அதை எடுத்துவிட்டார்கள். இதற்காக நான் கோபப்படுவது நியாயம் என்றே நினைக்கிறேன்.

விளைவு தெரிந்ததுதான். அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் வேப் பயன்படுத்தியவர்கள் 2017-இல் 11.7 சதவீதம், 2019-இல் 27.5 சதவீதம். அந்த ஆண்டுகளில் பிள்ளைகள் எதை இழுக்கிறோம் என்றே அறிந்திருக்கவில்லை. 2015-ஐ ஒட்டி நடந்த தேசிய ஆய்வில் ‘கடைசியாக இழுத்ததில் என்ன இருந்தது?’ என்று கேட்டதற்கு, மூன்றில் இரண்டு பங்குப் பேர் ‘வெறும் வாசனைதான்’ என்றார்கள். ஜூல் பயன்படுத்திய 15 முதல் 24 வயதினரில் 63 சதவீதம் பேருக்கு அதில் எப்போதுமே நிக்கோட்டின் இருக்கும் என்பது தெரியாது என்று 2018-இல் வெளியான ஆய்வு சொன்னது. பிறகு 21 வயது வரம்பு, வாசனைக் கட்டுப்பாடு, பிரச்சாரம் எல்லாம் சேர்ந்து வந்தன. 2024-இல் உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் வேப் பயன்படுத்தியவர்கள் 7.8 சதவீதம்தான். பிள்ளைகளின் எண்ணம் மாற்ற முடியாதது அல்ல.

இதற்கு எதிர்ப்பக்கத்திலும் ஒரு தவறு இருக்கிறது. அக்கறையுள்ள பெற்றோரும் ஆசிரியர்களும் அதிகம் செய்வது அதைத்தான்: பயமுறுத்துதல். "ஒரு இழுப்பு இழுத்தா நுரையீரல் வெடிச்சுடும்", "சிகரெட்டைவிட பத்து மடங்கு மோசம்" என்றெல்லாம் சொல்வது. பிரிட்டனில் 2023-இல் பாதிக்கும் மேற்பட்ட பிள்ளைகள் வேப்பும் சிகரெட்டும் ஒரே அளவு கெடுதல், அல்லது வேப் அதிகக் கெடுதல் என்று நம்பினார்கள். அது உண்மையல்ல. எரியும் புகையிலையில் ஆயிரக்கணக்கான வேதிப்பொருள்கள், அவற்றில் சுமார் 70 புற்றுநோய் உண்டாக்குபவை. அதற்கு இணையாக வேப்பைச் சொல்ல முடியாது. 2019-20-இல் அமெரிக்காவில் வேப் நுரையீரல் நோயால் 2,807 பேர் பாதிக்கப்பட்டு 68 பேர் இறந்ததையும் எடுத்துக் காட்டுவார்கள். அதில் முதன்மைக் காரணமாகக் கண்டறியப்பட்டது கஞ்சாச் சத்து கலந்த திரவங்களில் சேர்த்த வைட்டமின் ஈ அசிட்டேட். பாதி உண்மையை முழு உண்மையாகச் சொன்னால், 14 வயதுப் பையன் கைப்பேசியில் ஐந்து நிமிடத்தில் தேடிக் கண்டுபிடித்துவிடுவான். அதன் பிறகு நீங்கள் நிக்கோட்டினைப் பற்றிச் சொல்லும் உண்மையையும் நம்ப மாட்டான்.

‘இங்கிலாந்துல டாக்டருங்களே 95 சதவீதம் பாதுகாப்புனு சொல்லிட்டாங்க’ என்று ஒருநாள் வந்து நிற்பான். அதற்கும் தயாராக இருங்கள். 2015-இல் அந்நாட்டுப் பொதுச் சுகாதாரத் துறை சொன்னது, ஏற்கெனவே சிகரெட் பிடிக்கும் பெரியவர்களுக்கு அது சுமார் 95 சதவீதம் குறைந்த கெடுதல் என்பது. ஒப்பீடு சிகரெட்டோடு. உங்கள் மகன் சிகரெட் பிடிப்பவனல்ல. அவன் இப்போது சுவாசிப்பது காற்று. அவனுக்கு வேப்பைச் சிகரெட்டோடு ஒப்பிடக் கூடாது, காற்றோடுதான் ஒப்பிட வேண்டும். இந்த ஒரு வரி பல வாதங்களை முடித்துவைக்கும். வேப் பிடிக்கும் இளையோர் பிறகு சிகரெட்டைத் தொடும் அபாயம் கூடுகிறது என்பதற்குக் கணிசமான சான்று இருப்பதாக 2018-இல் அமெரிக்க தேசிய அறிவியல் அகாதமிகள் முடிவு சொன்னதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

அடுத்து அந்தப் பொட்டலம். நம் ஊர்ப் பள்ளிகளில் வேப்பைவிட இதுதான் பக்கத்தில் இருக்கும் ஆபத்து. வேப் விலை அதிகம், மேகம் கிளம்பும், மாட்டிக்கொள்ளலாம். பஞ்சுப் பை போன்ற சின்ன வடிகட்டிப் பொட்டலத்தில் புகையிலைத்தூளும் புதினா வாசனையும் வைத்து விற்கும் கூல் லிப் போன்றவை உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே ஒளிந்துவிடும். வகுப்பில் ஆசிரியர் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே வைத்துக்கொள்ளலாம். பெயரும் டப்பாவும் புதினா மிட்டாய் போலவே இருப்பதால், பிள்ளைகள் இதைப் புகையிலைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. பீடியும் ஹான்ஸ் புகையிலையும் ‘கிழவர்கள் பொருள்’, இது ‘வாய் மணக்க வைக்கும் பொருள்’. குட்கா, புகையிலை கலந்த பான் மசாலா வகைகளைத் தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2013 முதல் தடை செய்திருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளிடம் கூல் லிப் பரவுவதைப் பற்றி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2024-இல் கடுமையாகவே கேள்வி எழுப்பியது. உங்கள் மகன் ‘ஏதோ பொட்டலம்’ என்று பெயர் தெரியாமல் சொன்னதைக் கவனியுங்கள். பெயர் தெரியாத பொருளைப் பிள்ளை மறுக்கவும் தெரியாமல் வாங்கிவிடும். ‘அதுக்குள்ளயும் புகையிலைதான், நிக்கோட்டின்தான்’ என்று நீங்களே சொல்லிவிடுங்கள். பீடியைப் பற்றியும் இதே மாதிரி ஒரு மயக்கம் உண்டு: இலையில் சுற்றியது, அதனால் இயற்கை. பீடியில் புகையிலை கொஞ்சம்தான், ஆனால் அணையாமல் இருக்க ஆழமாகவும் அடிக்கடியும் இழுக்க வேண்டியிருப்பதால், தாரும் நிக்கோட்டினும் சிகரெட்டைவிடக் குறைவதில்லை.

எப்படிப் பேசுவது? உட்கார வைத்து ஒரு மணி நேரம் வகுப்பெடுக்காதீர்கள். பைக்கில் போகும்போது, பட்டாணி உரிக்கும்போது, கண்ணுக்குக் கண் பார்க்காத நேரத்தில் ஐந்து நிமிடம் போதும். முதலில் கேளுங்கள்: "வேப்ல என்ன இருக்கும்னு உன் ஃப்ரெண்ட்ஸ் சொல்றாங்க?" அவனைப் பற்றிக் கேட்காமல் நண்பர்களைப் பற்றிக் கேட்டால் பூட்டு திறக்கும். சொல்லி முடிக்கும்வரை திருத்தாதீர்கள். பிறகு ஒரே ஒரு செய்தி மட்டும் சொல்லுங்கள், இன்றைக்குத் தெளிப்பான் ஒப்பீடு, அடுத்த வாரம் 5 சதவீதக் கணக்கு என்று. மூன்றாவதாக மூளை. இழுத்த 10, 20 விநாடிகளில் நிக்கோட்டின் மூளைக்குப் போய்விடும். 25 வயதுவரை வளர்ந்துகொண்டிருக்கும் மூளை அதைச் சீக்கிரம் பழகிக்கொள்ளும். அப்புறம் அது இல்லாவிட்டால் எரிச்சல் வரும், கவனம் சிதறும், கிரிக்கெட் ஆடும்போதுகூட நினைப்பு அங்கேயே போகும். புற்றுநோயைவிட இதுதான் 11 வயதுக்கு உறைக்கும்: உன் நேரத்தையும் உன் பாக்கெட் மணியையும் இன்னொருவன் பிடுங்கிக்கொள்வது. வேப்பைக் கையில் வைத்துக் காட்டுவது, வீடியோவில் மேகம் விடுவதைக் காட்டுவது, என்னென்ன வாசனை இருக்கிறதென்று பட்டியல் சொல்வது எல்லாம் வேண்டாம். எச்சரிக்கை மறந்துபோகும், மேகம் மட்டும் நினைவில் நிற்கும்.

வீட்டில் யாராவது புகைத்தால், அவரே பேசுவதுதான் வலிமை. "நான் செய்யறேன், நீ செய்யக் கூடாது" என்பது எடுபடாது. "பதினேழு வயசுல சும்மா ஒண்ணுனு ஆரம்பிச்சேன், நாலு தடவை விட முயற்சி பண்ணி முடியல, இப்ப அஞ்சாவது தடவை முயற்சி பண்றேன்" என்பது எடுபடும்.

பள்ளியில் செய்யக்கூடியவற்றில் மிகவும் பயனுள்ளது, ‘எல்லாரும் செய்றாங்க’ என்ற எண்ணத்தை எண்ணிக்கையால் உடைப்பது. ஒரே மாதிரித் துண்டுச் சீட்டில் இரண்டு கேள்வி: நம் வகுப்பில் எத்தனை பேர் இதைத் தொட்டிருப்பார்கள் என்று நினைக்கிறாய்? நீ தொட்டிருக்கிறாயா? கையெழுத்து காட்டிக்கொடுக்காதபடி வட்டம் மட்டும் போடச் சொல்லி, பெட்டியில் மடித்துப் போடச் செய்ய வேண்டும். 25 பேருக்குக் குறைவான வகுப்பென்றால் இரண்டு பிரிவுகளைச் சேர்த்துவிட வேண்டும், இல்லையேல் ‘அந்த ஒருத்தன் யார்’ என்று தேடல் தொடங்கிவிடும். பெரும்பாலும் பிள்ளைகள் ஊகிப்பது நிஜத்தைவிடப் பல மடங்கு இருக்கும். அந்த இடைவெளியைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினால் பேச்சே தேவையில்லை. ஆனால் அறிவிப்பதற்கு முன் ஆசிரியர் தனியாக எண்ணிப் பார்த்துவிட வேண்டும். நிஜ எண்ணிக்கையே அதிகமாக இருந்தால் வெளியிடக் கூடாது, அது எதிர்விளைவைத் தரும். மறுத்துப் பேசப் பழக்கும் நாடகத்திலும் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. பொருளை நீட்டுகிற வேடத்தை வகுப்பின் சேட்டைக்காரப் பையனுக்குக் கொடுத்துவிடுவார்கள். அன்றைக்கு அவன்தான் கதாநாயகன். அந்த வேடத்தை ஆசிரியரே போட வேண்டும், மறுக்கும் வேடம் மட்டும் பிள்ளைகளுக்கு. வசனமும் அவர்களுடையதாக இருக்கட்டும்: "வேணாண்டா, எனக்கு வாந்தி வரும்", "கோச்சுக்குத் தெரிஞ்சா டீம்ல இருந்து தூக்கிடுவாரு".

மேலே சொன்ன மைத்ரி திட்டம் இப்படித்தான் நடந்தது: வகுப்புச் செயல்பாடுகள், சுவரொட்டிகள், பெற்றோருக்கு அஞ்சலட்டைகள், பிள்ளைகளே தலைமை ஏற்றுப் பேசுதல். இரண்டு ஆண்டு முடிவில் திட்டம் நடக்காத பள்ளிகளில் புகையிலைப் பயன்பாடு 68 சதவீதம் கூடியிருந்தது. நடந்த பள்ளிகளில் 17 சதவீதம் குறைந்திருந்தது. ஆண்டுக்கொருமுறை ஒருவரை அழைத்து வந்து அழுகிய நுரையீரல் படம் காட்டுவதோடு நிறுத்திக்கொண்டால் இந்த வித்தியாசம் வராது. விற்கிற நிறுவனங்களே நடத்தும் ‘விழிப்புணர்வு’ இன்னும் மோசம். 1990-களின் இறுதியில் அமெரிக்காவில் பிலிப் மோரிஸ் நிறுவனம் நடத்திய ‘யோசி, புகைக்காதே’ பிரச்சாரத்தைப் பார்த்த பிள்ளைகள் புகைபிடிக்கும் எண்ணத்தின் பக்கமே சற்றுச் சாய்ந்தார்கள். நிறுவனங்கள் எப்படி ஏமாற்றுகின்றன என்று வெளிப்படையாகக் காட்டிய ‘ட்ரூத்’ பிரச்சாரம் அதற்கு நேர்மாறாக வேலை செய்தது. ‘உன்னை ஒருத்தன் ஏமாத்தப் பார்க்கிறான்’ என்பது வளரிளம் பருவத்துக்குப் பிடித்த வாதம், பயன்படுத்திக்கொள்ளுங்கள். கிரிக்கெட் இடைவேளையில் பான் மசாலாவின் பெயரிலேயே ஏலக்காய் விளம்பரம் வரும்போது, ‘இந்தப் பேர்ல இவங்க வேற என்ன விக்கிறாங்க?’ என்று அவனையே கேளுங்கள்.

ஒருவேளை யாராவது பிள்ளை ஏற்கெனவே தொட்டுவிட்டால்? வேப் என்றால் காரணமில்லாத பழ வாசனை, அடிக்கடி தாகம், மூக்கில் ரத்தம், கழிவறையில் நீண்ட நேரம், பென்டிரைவ் போலவோ ஹைலைட்டர் போலவோ இருந்து எழுதவும் சேமிக்கவும் உதவாத ஒரு பொருள். பொட்டலம் என்றால் உதட்டின் உள்பக்கம் வெளுத்துச் சுருங்கிய தோல், ஈறு எரிச்சல், காரம் சாப்பிட முடியாமை. அடிமையாகிவிட்டானா என்று அறிய, எண்ணிக்கையைக் கேட்காதீர்கள். வாரத்துக்கு ஒன்றிரண்டு என்ற நிலையிலேயே சில பிள்ளைகளுக்குப் பிடிமானம் தொடங்கிவிடுகிறது. கேட்க வேண்டியவை: விட முயன்று முடியாமல் போயிருக்கிறதா? திடீரென்று கட்டாயம் வேண்டும் என்று தோன்றுகிறதா? பள்ளி மாதிரி கூடாத இடத்தில் இல்லாமல் இருப்பது கஷ்டமா? இல்லாத நாளில் எரிச்சல், படபடப்பு, கவனச் சிதறல் வருகிறதா? ஒன்றுக்கு ‘ஆமாம்’ என்றாலும் பிடி தொடங்கிவிட்டது என்று பொருள். அடிப்பதாலோ பள்ளியிலிருந்து நீக்குவதாலோ ஒளிக்கும் திறமைதான் வளரும். விட்ட முதல் இரண்டு மூன்று நாள்தான் உச்சம். மூன்று நான்கு வாரத்தில் தணியும். ஒவ்வொரு வேட்கையும் சில நிமிடங்களே நிற்கும். அதற்குள் தள்ளிப்போடுவது, மூச்சை ஆழ இழுத்து விடுவது, தண்ணீர் குடிப்பது, வேறு வேலையில் கைவைப்பது. பரீட்சை வாரத்தில் தொடங்க வேண்டாம். 1800-11-2356 என்ற தேசிய இலவச எண்ணில் ஆலோசனை கிடைக்கும். நிக்கோட்டின் சூயிங்கம் வாங்கிக் கொடுத்து நீங்களாக வைத்தியம் செய்யாதீர்கள். 18 வயதுக்குக் கீழே அது மருத்துவர் முடிவு.

பள்ளியைச் சுற்றி 100 கஜத்துக்குள், அதாவது சுமார் 91 மீட்டர் தொலைவுக்குள், புகையிலை விற்கக் கூடாது. 18 வயதுக்குக் கீழே எங்கேயும் விற்கக் கூடாது. ஒற்றைச் சிகரெட்டாகக் கிடைப்பதுதான் பிள்ளைகளின் பாக்கெட் மணிக்குக் கட்டுப்படியாகிறது, எனவே பெட்டிக்கடையைக் கவனியுங்கள். குழந்தைக்குப் புகையிலை கொடுத்தால் சிறார் நீதிச் சட்டத்தின் 77-ஆம் பிரிவில் ஏழு ஆண்டு வரை சிறை. இ-சிகரெட்டோ 2019 முதல் நாடு முழுவதும் தடை: தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, இருப்பு, விளம்பரம் எல்லாமே. முதல் முறை விற்றால் ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், இரண்டுமேகூட. தடை இருப்பதால் இங்கே வருவதெல்லாம் கள்ளச் சரக்கு, அட்டையில் போட்ட அளவுக்கு எந்தப் பொறுப்பும் கிடையாது.

கடைசியாக, வீட்டில் ஐந்து வயதுக்குக் கீழே தங்கையோ தம்பியோ இருந்தால், புகையை விட முயலும் பெரியவரின் நிக்கோட்டின் சூயிங்கம்மும் பூட்டி வைக்க வேண்டிய பொருள்தான். அந்த வயதுக் கண்ணுக்கு அது மிட்டாய். மென்று துப்பியதிலும் நிக்கோட்டின் மிச்சம் இருக்கும், காகிதத்தில் சுற்றி மூடியுள்ள தொட்டியில் போட வேண்டும். வேப் திரவம் இன்னும் ஆபத்து, 2014-இல் நியூயார்க் மாநிலத்தில் ஒரு வயதுக் குழந்தை அதனால் இறந்திருக்கிறது. குழந்தை விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் வந்தால் எச்சில் ஒழுகல், வாந்தி, வெளிறல், வியர்வை, பிறகு சோர்வு, வலிப்பு என்று வரிசையாக வரலாம். அறிகுறிக்காகக் காத்திருக்காதீர்கள், வாந்தி எடுக்க வைக்காதீர்கள். தோலில் பட்டிருந்தால் சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவி, உடையை மாற்றி, 108-ஐ அழைத்து, அந்தப் புட்டியையோ அட்டையையோ கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள்.